எங்கள் சபையின் உபவாசங்கள்

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எந்த வீடு என்று முந்தைய ஞாயிறு ஆராதனையில் செயலாளர் அறிவிப்பார். இரண்டு பாட்டு, ஒரு வேதப்பகுதி, ஆயரின் சின்னச் செய்தி, அந்த வீட்டாருக்காக ஒரு ஜெபம். பிறகு அங்கேயே சாப்பாடு. யார் பையனுக்கு வேலை போயிற்று, யாருக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் ஜெபத்தில் வெளியே வராது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கரண்டி குழம்புக்குக் காத்திருக்கும்போதுதான் வரும். பீடத்திலிருந்து ஐக்கியம் ஐக்கியம் என்று சொல்கிறார்களே, அது எங்கள் சபையில் உண்மையாகவே நடந்த இடம் அது ஒன்றுதான்.

சில வீடுகளில் மட்டும் அந்தச் சாப்பாடு நடக்காது. அந்த வீடுகளின் முறை வரும்போது செயலாளரின் அறிவிப்பு கொஞ்சம் மாறும். "வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டம் உபவாசக் கூட்டமாக அனுசரிக்கப்படும்."

முதல் முறை கேட்டபோது நான் எதுவும் நினைக்கவில்லை. உபவாசம் எங்களுக்குப் புதிதில்லை. இரண்டாவது முறை நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது முறை, உபவாசம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்த உடனேயே அந்த வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலனிப் பக்கம். அப்படியேதான் இருந்தது.

நான் சென்னையில் ஒரு செய்தித்தாளில் பல வருடங்கள் மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவள். ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வந்தால் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பது அங்கே படித்த பாடம். ஓய்வு பெற்ற பிறகு கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட்டுக்குக் குடிவந்தேன். இந்தச் சபைக்கு வந்ததும் அப்போதுதான்.

ஆலயத்தைக் கட்டியவர்கள் காலனிக்காரர்கள். அவர்களுடைய முன்னோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கூலி வேலை முடிந்த மாலைகளில் மண்ணும் கல்லும் சுமந்து சுவர் எழுப்பினார்கள். பிறகு ஓ.எம்.ஆர். நெடுஞ்சாலை வந்தது, கம்பெனிகள் வந்தன, பிளாட்டுகள் வந்தன, அவற்றோடு எங்களைப் போன்றவர்கள் வந்தோம். பலர் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்த பரம்பரைக் கிறிஸ்தவர்கள். வந்த சில வருடங்களில் ஒலிபெருக்கி மாறியது, பெஞ்சுகள் மாறின, கமிட்டியும் மாறியது. கட்டியவர்களின் வாரிசுகள் பின்பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. எங்கள் சபையில் யாரும் யாரிடமும் எதையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சாதி என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

நற்கருணையில் முன்பெல்லாம் ஒரே பாத்திரம். கொரோனா காலத்தில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணமாக மாற்றினார்கள். அது நியாயமான காரணம். கொரோனா போய்விட்டது. கிண்ணங்கள் போகவில்லை. சுகாதாரம் என்கிறார்கள்.

இரண்டாவது உபவாசக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். காலனியில் ஒரு பெயின்டர் வீடு. எங்களுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டம்மா கை கட்டி நின்று, "தண்ணி கூடவா வேணாம்?" என்று கேட்டார். உபவாசம் என்றால் தண்ணீரும் இல்லை என்று செயலாளர் புன்னகையோடு விளக்கினார். எல்லோரும் கும்பிட்டு விடைபெற்றோம்.

நான் ஷேர் ஆட்டோ பிடிக்க ஜங்ஷனுக்கு நடந்தேன். அங்கே பேக்கரி வாசலில் உபவாசிகள் நின்றுகொண்டிருந்தார்கள். செயலாளர் கையில் முட்டை பப்ஸ். பொருளாளர் கையில் டீ. என்னைப் பார்த்ததும் செயலாளர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"வாங்க சிஸ்டர். உபவாசம் முடிச்சாச்சுல்லா. ஒரு பப்ஸ் சொல்லட்டுமா?"

அவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். நல்ல குரல். வியாதிக்காரர்களைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவராக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கில் கேக்குகள் வரிசையாக இருந்தன. தெருவுக்கு இரண்டு திருப்பம் உள்ளே, ஒரு பெண் யாரும் தொடாத டம்ளர்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினேன்.

காலனியில் எனக்கு நெருக்கமானவள் ஒரு நர்ஸ். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் போய்வருவாள். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். என்னை அக்கா என்பாள். அவள் கணவர் ஐ.டி. கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறார். எங்கள் பிளாட்டிலிருந்து பாதிப் பேர் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒரே மகள், கல்லூரியில் கடைசி வருடம். அந்தப் பெண் சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்கு வந்தவள், பிறகு அங்கேயே வகுப்பும் எடுத்தவள். சில மாதங்களாக அவளைக் காணவில்லை.

ஏன் என்று ஒரு நாள் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தெரிந்தது. நர்ஸ் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் புதிதாக ஓர் அறை கட்டி முடித்திருந்தார்கள்.

"ரூமு முடிஞ்சிச்சுக்கா. சபையக் கூப்பிடணும். ஸ்தோத்திரக் கூட்டம் வச்சி, எல்லாருக்கும் நானே சமைச்சிப் போடணும்" என்றாள்.

மகள் வாசற்படியில் சாய்ந்து நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்: "யாரு சாப்பிட? அவங்க உபவாசம் இருக்கறதே நம்ம தெருவுக்கு மட்டும்தான். அது கூடவா தெரில உனுக்கு?"

"வாய மூடு. சபைன்றது குடும்பம்."

"குடும்பமா? சரி, உன் குடும்பம் வந்து நம்ம வூட்ல ஒரு வாய் சாப்ட்டுப் போட்டும். அந்த ஞாயித்துக்கெழமயே மொத பெஞ்ச்ல வந்து உக்கார்றேன். சாப்புடலன்னா அதோட வுட்டுடு. என்னக் கூப்டாத."

"சாப்புடுவாங்கடி."

"பாக்கலாம்."

நர்ஸ் தோசையைத் திருப்பிப் போட்டாள். அவள் முகத்தில் கோபமில்லை. பயம் இருந்தது. மகள் வாயாடியாகப் பேசவில்லை, தீர்மானமாகப் பேசினாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருடம் எங்கள் சபையின் கருப்பொருளே ஐக்கியம்தான். அதற்கென்று ஒரு குழு போட்டார்கள். குழு முதலில் செய்தது ஒரு பேனர் அடித்தது. இரண்டாவதாகச் செய்தது முட்டுக்காட்டுக்கு ஒரு குடும்ப உலா. பேனரையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்ப் படகுத்துறைப் பக்கம் இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டினோம். குலுக்கல் போட்டு, தெரியாதவர்களோடு ஜோடி சேர்த்துப் படகில் ஏற்றினார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். படகு திரும்பியதும் பிளாட்டுக்காரர்கள் பிளாட்டுக்காரர்களோடும் காலனிக்காரர்கள் காலனிக்காரர்களோடும் பாய் விரித்தார்கள். ஆர்டர் கொடுத்து வாங்கிய எலுமிச்சம் சாதப் பொட்டலம் எல்லோருக்கும் ஒன்றே.

செயலாளர் உயிர்காப்புச் சட்டையின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் அவரிடம் போனாள். கணவர் பின்னாலேயே போனார். சுற்றிலும் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவள் போனாள்.

"சார், எங்க வூட்டு மாடி வேல முடிஞ்சிச்சு. ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கணும்."

"ரொம்ப சந்தோசம்மா. வச்சிருவோம். உபவாசமா வச்சா இன்னும் ஆசீர்வாதமா இருக்கும், பார்த்துக்கிடுங்க."

"சந்தோசத்துக்கு எவன் சார் பட்டினி கெடப்பான்?" என்றார் கணவர். சிலர் சிரித்தார்கள்.

"உபவாசம் வேணாம் சார்" என்றாள் நர்ஸ். "நான் சமைக்கிறேன். எல்லாரும் எங்க வூட்ல சாப்ட்டுப் போணும். அதான் என் ஜெபக் குறிப்பு."

ஆயர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "நல்லதுதானே, வைக்கலாமே" என்றார். செயலாளர் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, "செய்வோம்மா, செய்வோம்" என்றார். நர்ஸ் என்னைத் தேடி வந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கூட்டத்தன்று நான் மதியமே போய்விட்டேன். அவள் லீவு போட்டிருந்தாள். கணவர் விடியற்காலையில் கோவளம் கரைக்குப் போய் இறாலும் வஞ்சிரமும் வாங்கி வந்திருந்தார். தெருவில் கல்லடுப்புக் கூட்டி அண்டாவில் கோழி பிரியாணி. உள்ளே இறால் தொக்கு, மீன் குழம்பு, கத்திரிக்காய் கொத்சு. சைவக்காரர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணி. அதற்குத் தனிக் கரண்டி என்று தெருவுக்கே எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை போடாத பாயசம் ஒரு குண்டானில்.

"பாயசத்துல சக்கர இல்லன்னா அது இன்னாதும்மே?" என்றார் கணவர்.

"பாலு. போ, சேரப் போடு."

மகளும் வேலை செய்தாள். வெங்காயம் நறுக்கினாள், மாடிப்படியைக் கழுவிவிட்டாள். தோற்றுப்போக ஆசைப்பட்டு உழைக்கும் ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயந்திரம் கூட்டம் வந்தது. எந்த உபவாசக் கூட்டத்துக்கும் வராத கூட்டம். கார்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் சாலையோரமே நின்றன. செயலாளரின் மனைவி படியேறும்போது அண்டாவைக் கடந்து போனவர், திரும்பி வந்து மூடியைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்துவிட்டு, "யம்மா, என்ன மணம்!" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மாடி அறை நிறைந்து வராண்டா வரை உட்கார்ந்தார்கள். பாடினோம். ஆயர் ஒருமனப்பாட்டைப் பற்றிப் பேசினார். வீட்டை ஆசீர்வதித்தார். ஆமென் சொல்லி எல்லோரும் கண் திறந்ததும் செயலாளர் எழுந்தார்.

"ஒரு சின்ன அறிவிப்பு. வீட்டாருக்குப் பாரம் வந்துறக் கூடாதுன்னு ஐக்கியக் குழு சார்பா ஒரு அன்பின் ஏற்பாடு செஞ்சிருக்கோம். எல்லாருக்கும் பார்சல் சொல்லியிருக்கு. காருக்குள்ள இருக்கு. போகும்போது ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கிடுங்க. இனிமே எல்லா வீட்டுக்கும் இப்படியே செய்யலாம்னு யோசனை."

இவ்வளவு கச்சிதமான ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. சமைக்காதே என்று அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட மாட்டோம் என்றும் சொல்லவில்லை. அன்பு, பாரம், ஏற்பாடு. ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல். செய்தித்தாளில் அரசாங்க அறிக்கைகளை வருடக்கணக்காகப் படித்திருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கணவர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னா சார் பாரம்? முதுகு வலிக்குதுன்னு நான் உங்களாண்ட வந்து சொன்னனா?"

"அதுக்கில்ல தம்பி..."

"கீழ அண்டா நெறைய பிரியாணி கீது. ஆக்கி இறக்கி வச்சிகினு நிக்கறோம். பார்சலு இன்னாத்துக்கு?"

"அதையும் சாப்பிடலாமே. யாருக்கு விருப்பமோ அவங்க..." என்றார் செயலாளர்.

நர்ஸ் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். "எல்லாம் கீழ வாங்க. ஒரு வாய் போதும். நின்னுகினே கூட சாப்புடுங்க."

கீழே வந்தார்கள். வந்து, அண்டாவைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். ஒருவருக்கு நேரமாகிவிட்டது. ஒருவருக்கு மாத்திரை வீட்டில் இருந்தது. "எனக்கு சுகர்மா" என்றார் ஓர் அம்மா. "எனக்கும் சுகர்தான் ஆன்ட்டி. சக்கர போடாமத்தான் வச்சிருக்கேன்" என்று நர்ஸ் கிண்ணத்தை நீட்டினாள். அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார். ஆயருக்கு வேறொரு வீட்டில் நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆயரம்மா ஒரு நிமிடம் நின்றார், அவரும் போனார். செயலாளரின் மனைவி அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். காரிலிருந்து ஹாரன் கேட்டது. மறுபடியும் கேட்டது. போனார். சாலையோரத்தில் டிக்கியைத் திறந்து வைத்து, பொருளாளர் டப்பாக்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிளாட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் தம்பதி மட்டும் திரும்பி வந்து, "நாங்க சாப்பிடலாமா?" என்று கேட்டார்கள். அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டிய நிலையில் அவர்களை வைத்திருந்தோம்.

காலனிக்காரர்கள், விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகு சாப்பிடலாம் என்று ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களையும் என்னையும் உட்காரவைத்து நர்ஸே பரிமாறினாள். பிரியாணி நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை. இறங்காமல் இருந்தால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று முழுவதும் சாப்பிட்டேன்.

மகள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தாம்மா தோத்திருக்கணும்" என்றாள்.

நர்ஸ் மூடியை எடுத்து அண்டாவின் மேல் வைத்தாள்.

மறுநாள் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், நீங்க பத்திரிகையில இருந்தவங்க, நாலும் தெரிஞ்சவங்க. அவங்ககிட்ட நீங்கதான் பேசணும். மனசு கஷ்டப்பட்டிருப்பாங்க. சபையில பிரிவினை வந்துறப்படாது."

"வந்தாச்சு பிரதர். டப்பாவுல போட்டு நீங்கதான் கொண்டுவந்தீங்க."

"நீங்க இதை வேற மாதிரி பார்க்குதீங்க. நாங்க யாரும் அப்படிப் பார்க்கலையே. பார்த்தா அவங்க வீட்டுக்குள்ள காலை வைப்போமா?"

"காலை வச்சீங்க. வாயை வைக்கலையே."

அவர் எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. தேவன் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வழக்கமாக வீசா கிடைத்தது, அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று இருக்கும். சாட்சி சொல்பவரை நடுவில் நிறுத்தும் பழக்கம் இல்லை. அந்த ஞாயிறு நர்ஸ் பாடகர் குழுவிலிருந்து இறங்கி மைக் முன் போய் நின்றாள். மகள் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

"ஸ்தோத்திரம். வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்கு வந்து ஜெபம் பண்ண எல்லாருக்கும் நன்றி. நான் சமைச்சது மிஞ்சிப் போச்சு. எங்க தெருவே சாப்ட்டுச்சு, அதுக்கும் ஸ்தோத்திரம்."

யாரோ பழக்கதோஷத்தில் ஆமென் சொன்னார்கள்.

"கொரோனா டைம்ல இங்க பாதிப் பேருக்கு ஊசி போட்டது இந்தக் கைதான். லைன்ல நின்னு, சீக்கிரம் போடும்மான்னு கையக் காட்டுனீங்க. அப்போ யாரும் உபவாசம்னு சொல்லல."

செயலாளர் முன்பெஞ்சில் வேதபுத்தகத்தைத் திறந்தார். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

"நான் சண்ட போட வரல. ஒரு அறிவிப்பு சொல்லிக்கறேன். அறிவிப்புதான இங்க எல்லாம். இனிமே எங்க வூட்டுக்கு ஜெபத்துக்கு வர்றவங்களுக்கு மொதல்ல சாப்பாடு, அப்பால ஜெபம். சாப்டாதவங்களுக்கு ஜெபம் கெடயாது. எனக்காக ஜெபம் பண்ண வர்றவங்க என் சோத்த சாப்ட்டுட்டுப் பண்ணுங்க. வர்ற வெள்ளிக்கெழம வூடு தொறந்திருக்கும். ஆமென்."

இந்த முறை ஆமென் பின்பெஞ்சுகளிலிருந்து வந்தது. அந்தச் சுவர்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயர் பிரசங்க பீடத்துக்கு ஏறி, கண்ணாடியைத் துடைத்து, தயாரித்து வந்ததையே பேசினார். அன்றைக்கு அவர் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் போதும். "வெள்ளிக்கிழமை நான் வருகிறேன்." அதற்கு இறையியல் படிப்பு தேவையில்லை.

கமிட்டி கூடியது. சபையின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒழுங்கு, கீழ்ப்படிதல் பற்றிய வசனங்கள் ரோஜாப்பூப் படங்களோடு வரத் தொடங்கின. அடுத்த நாள் முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டங்கள் இனி வீடுகளில் நடக்காது; எல்லோருடைய வசதியையும் முன்னிட்டு ஆலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் நடக்கும்; முடிவில் டீயும் பிஸ்கட்டும் வழங்கப்படும்.

அதைப் பலமுறை படித்தேன். ஒரு வீட்டில் சாப்பிடாமல் இருப்பதற்காக எல்லா வீட்டிலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிளாட்டுகளில் ஒருவர் வீட்டில் ஒருவர் தின்ற ஆப்பமும் ஸ்டூவும், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லி அழுத கதைகளும், அவர்களுடைய சொந்த ஐக்கியமும்கூடப் போனால் போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். இதைச் செய்ய எவ்வளவு வெறுப்பு வேண்டும் என்று யோசித்தேன். வெறுப்பு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது என்பதுதான் என்னை இன்னும் எரியவைக்கிறது. வசதி என்றுதான் சொல்வார்கள். வசதி என்றுதான் நம்புவார்கள்.

வெள்ளிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போகவில்லை. நர்ஸ் வீட்டுக்குப் போனேன். இந்த முறை அண்டா இல்லை. வீட்டுச் சமையல்: சோறு, நெத்திலிக் குழம்பு, முட்டை. அவள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு சமைத்தது. தெருவிலிருந்து சிலர் வந்தார்கள். அந்த இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். ஆயரம்மா வந்தார், தனியாக, தலையில் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு. ஆயர் மண்டபத்தில் இருந்தார்.

உட்காரப் போகும்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. இறங்கியவர் செயலாளரின் மனைவி. கார் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் ஷேர் ஆட்டோவில் வந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரவிக்கைக் கை வியர்வையில் நனைந்திருந்தது. மகள்தான் கதவருகே நின்றிருந்தாள். வழிவிடாமல் அவரைப் பார்த்தாள்.

"சாப்ட்டாதான் ஜெபம். தெரியும்ல ஆன்ட்டி?"

"தெரியும்ட்டி. பசிக்கி. சோத்தப் போடு."

மகள் நகர்ந்தாள். தட்டு எடுத்து வைத்தாள். அந்த அம்மா முதல் உருண்டையை விழுங்கும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எல்லோரும் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு அதைத்தான் பார்த்தோம். இரண்டாவது முறை சோறு போட்டபோது மகள், "குழம்பு காரமா?" என்று கேட்டாள். "காரந்தான். இன்னும் ஊத்து" என்றார் அந்த அம்மா. அப்புறம் தன் மகன் ஆறு மாதமாகத் தன்னோடு பேசுவதில்லை என்று, யாரும் கேட்காமலே, எங்கள் எல்லோரிடமும் சொன்னார். செயலாளர் வீட்டில் அப்படி ஒன்று இருப்பது சபையில் யாருக்கும் தெரியாது.

தட்டுகளை எடுத்த பிறகு நர்ஸ் பாய் விரித்தாள். மகளை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

மகள் அம்மாவின் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். "நல்லாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். புது அறையின் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. நர்ஸ் கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கால் போட்டாள்.

அதே நேரத்தில் மண்டபத்தில் பேனருக்குக் கீழே உட்கார்ந்து அவர்கள் ஐக்கியத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வருகை இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நர்ஸின் மகள் இன்றுவரை ஆலயத்துக்கு வரவில்லை.